குரல் ஒருத்தி, முகம் ஒருத்தி



ஒரு பழைய பிழையை ஒப்புக்கொண்டு இந்தப் பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். நான் கல்லூரியில் படித்த காலத்தில், விடுதி மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தி வந்தோம். மாதம் ஓர் இதழ். இதழுக்கு ஒரே பிரதி. அந்த ஒரு பிரதி அறை அறையாகச் சுற்றி, மூலைகள் மடங்கி, தேநீர்க் கறையுடன் எங்களிடம் திரும்பி வரும். 1990ஆம் ஆண்டில் வந்த ஓர் இதழில் நான் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று எழுதியிருந்தேன். அதன் தலைப்பு, 'ஃபெல்லியின் குரல்'.

நண்பன் ஒருவனுடைய தமையனார் வெளிநாட்டிலிருந்து வரும்போது ஓர் ஒலிநாடா கொண்டு வந்திருந்தார். விடுதியில் இருந்த ஒரே டேப் ரிக்கார்டரில் அதை இட்டு, நாடா தேயும் வரையில் கேட்டோம். அட்டையில் ஆப்பிரிக்கப் பெண் ஒருத்தியின் படம் இருந்தது. நிமிர்ந்த தலை, அஞ்சாத பார்வை. பக்கத்தில் ஃபெல்லி என்று பெயர். வேறென்ன வேண்டும்? 'அந்தக் கண்களில் உள்ள துணிவே அந்தக் குரலிலும் ஒலிக்கிறது' என்று நான் எழுதினேன். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்குச் சிறிது செருக்கும் இருந்தது. ஆனால் ஃபெல்லி அந்தப் பாட்டில் ஒரு சொல்லும் பாடவில்லை. அவர் ஆடை அலங்காரத் துறையில் விளங்கிய ஓர் அழகி. குரல் வேறொரு பெண்ணுடையது. இதை நான் அறிந்துகொள்வதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

பாட்டின் பெயர் 'பம்ப் அப் த ஜாம்'. ஜாம் என்றதும் ரொட்டியில் தடவும் பழப்பாகு நினைவுக்கு வரலாம். எங்கள் விடுதியில் அப்படித்தான் பொருள் செய்துகொண்டார்கள். இசைக்காரர் பலர் கூடி மனம்போன போக்கில் வாசிப்பதற்கும், அப்படிப்பட்ட களிப்பான இசைக்கும் ஆங்கிலப் பேச்சு வழக்கில் அந்தப் பெயர் உண்டு. வெளியிட்ட குழுவின் பெயர் டெக்னோட்ரானிக். நாடு பெல்ஜியம். ஆண்டு 1989. அதுவே அக்குழுவின் முதல் தட்டு. அந்த முதல் தட்டே பிரிட்டனின் விற்பனை வரிசையில் இரண்டாம் இடத்தை எட்டியது. 1990ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க வரிசையிலும் இரண்டாம் இடம் பெற்றது. அதுவரை உலகப் பாட்டுச் சந்தையில் பெரிதும் பேசப்படாத ஒரு சிறிய நாட்டின் குழுவுக்கு இது எளிதில் கிட்டும் பேறன்று.

இந்த வரிசை என்பது யாது? அதைச் சற்று விளங்கிக்கொள்வது நலம். பிரிட்டனில் அக்காலத்தில் காலப் என்னும் நிறுவனம் வாரந்தோறும் இந்தக் கணக்கை எடுத்து வந்தது. நாடெங்கும் தேர்ந்தெடுத்த இசைத்தட்டுக் கடைகளில் மின்னணுக் கருவிகள் இருந்தன. எந்தத் தட்டு எத்தனை விற்றது என்பது அவற்றில் பதிவாகும். அந்தக் கணக்கு தொலைபேசிக் கம்பி வழியாகச் சென்று சேரும். ஞாயிற்றுக்கிழமை மாலை பி.பி.சி. வானொலியில் நாற்பதாம் இடத்திலிருந்து முதலிடம் வரையில் ஒவ்வொன்றாக அறிவிப்பார்கள். நம் ஊரில் தேர்வு முடிவு பார்ப்பதைப் போல அந்நாட்டு இளைஞர்கள் அதற்குக் காத்திருப்பார்கள். அமெரிக்காவில் முறை வேறு. 'பில்போர்டு' என்னும் வார இதழ், அக்காலத்தில் விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் கூட்டி நூறு பாட்டுகளை வரிசைப்படுத்தி வந்தது. 1991 நவம்பர் வரையில், தம் கடையில் நன்றாக விற்பவை இன்னின்னவை என்று கடைக்காரர்கள் சொன்ன சொல்லையே அந்த இதழ் நம்பியது; அதன் பிறகுதான் விற்பனையைக் கருவியால் நேரே எண்ணும் முறை அங்கு வந்தது. எந்த முறையானாலும் ஒன்று மட்டும் பொது. எத்தனை என்று வரிசை கேட்கும். யார் பாடியது என்று அது கேட்பதில்லை. தட்டின்மீது அச்சிட்ட பெயரை அப்படியே எழுதிக்கொள்ளும்.

இனிப் பாட்டு பிறந்த கதைக்கு வருவோம். பெல்ஜியம் இரு மொழியினர் வாழும் நாடு. வடக்கே ஃபிளாண்டர்ஸில் டச்சு மொழி. தெற்கே வலோனியாவில் பிரெஞ்சு மொழி. கிழக்கு எல்லையில் சிறிது ஜெர்மனும் உண்டு. தலைநகரான பிரஸ்ஸெல்ஸ் இரு மொழிக்கும் பொது. பாட்டோ இவற்றில் எதிலும் இல்லை, ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு சிறு நாட்டின் இசைக்காரர் கடல் கடந்து விற்க விரும்பினால் அவர் மேற்கொள்ளும் வழி அது.

1980களின் பிற்பகுதியில் அந்நாட்டு நடனக் கூடங்களில் 'நியூ பீட்' என்றொரு புது வகை இசை தோன்றியது. தோன்றிய விதம் வேடிக்கையானது. ஆண்ட்வெர்ப் நகரத்தில், நடனக் கூடத்தில் தட்டுகளைச் சுழலவிடும் ஒருவர், ஒரு நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழல வேண்டிய தட்டை 33 சுற்றுக்குரிய வேகத்தில் வைத்து, வேகத் திருகை மட்டும் எட்டுச் சதவீதம் கூட்டிவிட்டார். அந்தத் தட்டு 'ஏ ஸ்ப்ளிட் செகண்ட்' என்னும் பெல்ஜியக் குழுவின் 'ஃபிளெஷ்' என்னும் பாட்டு. கணக்கு வல்ல மாணவர்கள் உடனே போட்டுப் பார்க்கலாம். 33⅓ உடன் எட்டுச் சதவீதம் சேர்த்தால் 36 ஆகும். 45க்குப் பதில் 36 என்றால் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. நிமிடத்துக்கு 135 அடி கொண்ட பாட்டு 108 அடியாகத் தளர்ந்துவிடும். குரல் தடிக்கும், பறை கனக்கும். கூடத்திலிருந்தோர் அந்தக் கனத்தை விரும்பினர். அதையே மாதிரியாகக் கொண்டு பலர் புதிய தட்டுகளைச் செய்யத் தொடங்கினர். அவ்வாறு பல பெயர்களில் தட்டு வெளியிட்டுக்கொண்டிருந்தவர்களுள் ஒருவர் ஜோ போகார்ட் என்பவர். ஆல்ஸ்ட் என்னும் ஊரினர்.

அவர் நியூ பீட்டின் கனத்தைக் கைவிடாமல், அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் பிறந்த 'ஹவுஸ்' என்னும் நடன இசையின் வேகத்தை அதனுடன் சேர்த்தார். 'பம்ப் அப் த ஜாம்' நிமிடத்துக்கு ஏறக்குறைய 125 அடி. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே அரை நொடிக்குச் சற்றுக் குறைவான நேரம். உங்கள் நாடியைத் தொட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு எழுபது, எண்பது இருக்கும். ஓடி விளையாடிவிட்டு வந்து பார்த்தால் 125ஐ நெருங்கும். கேட்டவுடன் கால் தானே தட்டத் தொடங்குவதன் இரகசியத்தில் பாதி இதில் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். நான்கு அடிக்கும் ஒரே அழுத்தம். மத்தளத்தின் தொப்பியில் விழுவதுபோல் ஒரு கனத்த ஒலி, விலகாமல், தளராமல். நம் தாளத்தில் உள்ள வீச்சு, விரல் எண்ணுதல் என்னும் வேறுபாடுகளுக்கு அங்கே இடமில்லை. மிருதங்க வித்துவான் ஒருவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'இவர் எப்போது தனி ஆவர்த்தனம் தொடங்குவார்?' என்று கேட்டார். வாசிப்பது மனிதர் அல்லர், தாளப் பொறி என்று நான் சொன்ன பிறகு அவருக்குச் சற்று ஆறுதல் ஏற்பட்டது.

இசை பொறியினால் ஆனது. அதற்கு உயிர் கொடுப்பதற்கு ஒரு மனிதக் குரல் வேண்டியிருந்தது. அந்தக் குரலுக்கு உரியவர் மானுவேலா கமோசி. தமக்கு அவர் வைத்துக்கொண்ட மேடைப் பெயர் யா கிட் கே. காங்கோ நாட்டின் தலைநகரான கின்ஷாசாவில் பிறந்து, சிறுமியாக இருக்கையிலேயே பெல்ஜியத்தில் குடியேறியவர். அந்தப் பாட்டைப் பாடியபோது அவருக்கு இருபது வயதும் நிரம்பவில்லை.

ஆப்பிரிக்காவின் நடுவில் உள்ள கின்ஷாசாவுக்கும் பெல்ஜியத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சரித்திரம் படிப்போர் அறிவர். 1885ஆம் ஆண்டு முதல் காங்கோ, பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டின் சொந்த உடைமையாகவே இருந்தது; ஒரு நாடு முழுவதும் ஒரு மனிதரின் தோட்டத்தைப் போல. ரப்பருக்காக அங்கே நிகழ்ந்த கொடுமைகள் உலகின் மனச்சாட்சியை உறுத்தவே, 1908ஆம் ஆண்டில் அது பெல்ஜிய அரசாங்கத்தின் குடியேற்ற நாடாக மாறியது. 1960ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் விடுதலை பெற்றது. ஆண்டவர்கள் கப்பலேறித் திரும்பினாலும், ஆளப்பட்டவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் அந்த நாட்டையே நாடிச் செல்வது உலக வழக்கம். அவ்வழி வந்த ஒரு பெண்ணின் குரல் ஐரோப்பாவின் நடனக் கூடங்களை ஆட்டிவைத்தது. படத்தில் நின்ற ஃபெல்லியும் காங்கோவைச் சேர்ந்தவரே.

அந்தக் குரல் எத்தகையது? இனிமையான குரல் என்று சொல்வதற்கில்லை. ராகத்தை இழைத்துப் பாடும் குரலும் அன்று. பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே நின்று, சொற்களைத் தாளத்தின்மேல் எறிந்து பிடிப்பது. தெருவில் கல்லாங்காய் ஆடும் சிறுமியின் கைத்திறனைப் போன்றது. அதட்டல் உண்டு, அதற்குள் ஒரு விளையாட்டும் உண்டு. ஐரோப்பாவின் நடனப் பாட்டுகளில் ஆண் குரல் விரைந்து சொல்லடுக்க, பெண் குரல் பல்லவியை உயர்த்திப் பாடுவது பின்னர் வழக்கமாயிற்று. 'யூரோ டான்ஸ்' என்று அறியப்பட்ட வகைக்கு அதுவே முத்திரை. இந்தப் பாட்டிலோ சொல்லடுக்கும் வேலை முழுவதையும் ஒரு பெண்ணே செய்தார். அக்காலத்தில் அது புதுமை.

தட்டு வெளிவந்தது. அட்டையில் ஃபெல்லியின் படம். நிகழ்படத்தில் ஃபெல்லி வாயசைத்து ஆடினார். தட்டின்மீது, டெக்னோட்ரானிக் குழுவுடன் ஃபெல்லி என்று அச்சிட்டார்கள். பாடிய பெண் எங்கும் இல்லை.

எங்கும் இல்லை என்பது முழு உண்மையாகாது. பாட்டை இயற்றியோர் யார் என்பதைத் தட்டின் நடுவில் பொடி எழுத்தில் குறிப்பது சட்டப்படி செய்யும் வழக்கம். அங்கே இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று, தாமஸ் டி குவின்சி. மற்றொன்று, மானுவேலா கமோசி. ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்களுக்கு முதற்பெயர் திடுக்கிடச் செய்யும். 1821ஆம் ஆண்டில் அபினி உண்பவனின் ஒப்புதல்களை எழுதிய ஆசிரியர் அன்றோ அவர்! ஜோ போகார்ட் தமக்குச் சூட்டிக்கொண்ட புனைபெயர் அது. அவர் தம் விருப்பத்தினால் முகமூடி அணிந்துகொண்டார். அந்தப் பெண்ணின் முகத்தை மறைத்ததோ விற்பனைக் கணக்கு. ஆயினும் அவர் பெயர் அங்கேதான் இருந்தது. எங்கள் விடுதி ஒலிநாடாவின் அட்டையிலும் அந்தப் பொடி எழுத்து இருந்தது. நான் படித்தேன். யாரோ கவிதாயினி போலும் என்று எண்ணித் தள்ளிவிட்டு, படத்தைப் பார்த்துக் கட்டுரை எழுதினேன்.

இது ஒரு குழுவோடு நின்ற செய்தியன்று. 1989ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் பிரிட்டனின் வரிசையில் டெக்னோட்ரானிக் இரண்டாம் இடத்தில் நின்றபோது, முதலிடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது எது என்று பாருங்கள். இத்தாலியிலிருந்து வந்த 'பிளாக் பாக்ஸ்' என்னும் குழுவின் 'ரைட் ஆன் டைம்'. அதுவும் நடனப் பாட்டு; அதுவும் அக்குழுவின் முதல் தட்டு. ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அவ்வாண்டில் பிரிட்டனில் மிகுதியாக விற்ற ஒற்றைத் தட்டும் அதுவே. அதன் நிகழ்படத்தில் கத்ரின் கினோல் என்னும் பிரெஞ்சு அழகி பாடுவதாக வாயசைத்தார். குரல் அவருடையதன்று. அமெரிக்காவின் சிகாகோ நகரத்தைச் சேர்ந்த லொலீட்டா ஹாலவே என்னும் அம்மையாருடையது. ஆக, அந்த வாரங்களில் முதலிடத்திலும் இரண்டாமிடத்திலும் நின்ற இரண்டு பாட்டுகளுக்கும் முகம் ஒருவர், குரல் ஒருவர்!

ஹாலவே அம்மையாரின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. யா கிட் கேயாவது ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்று பாடினார். ஹாலவே பாடவே இல்லை. அதாவது, அந்தத் தட்டுக்காகப் பாடவில்லை. தேவாலயப் பாட்டில் பயின்று வளர்ந்த அவர் 1980ஆம் ஆண்டில் 'லவ் சென்சேஷன்' என்றொரு பாட்டைப் பாடியிருந்தார். டான் ஹார்ட்மன் இயற்றிய பாட்டு அது. அந்தத் தட்டிலிருந்து அவருடைய குரலைத் துண்டு துண்டாக எடுத்து, 'சாம்ப்ளர்' என்னும் கருவியில் இட்டு, புதிய தாளத்தின்மேல் ஒட்டிவிட்டார்கள். துணிக்கடையில் மாதிரிக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பார்களே, அந்தக் கருவியின் பெயருக்கு அதுதான் பொருள். ஒலியின் சிறு துண்டைச் சேமித்து, விசையை அழுத்தும்போதெல்லாம் திருப்பித் தரும். கருவியைக் குறை கூறுவதற்கில்லை. கத்தரிக்கோல் துணிக்காரனைக் கேட்டா வெட்டுகிறது? பாட்டின் பெயரிலேயே ஒரு செவிப்பிழை ஒட்டிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'சரியான' என்னும் பொருளில் ஹாலவே பாடிய சொல்லை இத்தாலியர் 'ஏறிச் செல்' என்னும் பொருளுடைய சொல்லாகக் கேட்டு, அதையே தலைப்பாக வைத்துவிட்டனர்.

தம் குரல் அயல்நாட்டில் முதலிடம் பெற்றிருப்பதும், அதற்கு வேறொருவர் வாயசைப்பதும் தெரிந்ததும் ஹாலவே சட்டத்தின் துணையை நாடினார். பின்னர் அவருக்குப் பணம் கொடுத்து உடன்பாடு செய்துகொண்டார்கள். தட்டின் பிற்பதிப்பு ஒன்றுக்காக ஹெதர் ஸ்மால் என்னும் ஆங்கிலப் பெண் அதே பகுதியைப் புதிதாகப் பாடிக் கொடுத்தார். அவரும் அப்போது பெயரின்றியே பாடினார். பிற்பாடு 'எம் பீப்பிள்' என்னும் குழுவின் பாடகியாகப் புகழ் பெற்றார். 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மார்க்கி மார்க் என்பவரின் குழு, அதே பழைய 'லவ் சென்சேஷன்' பாட்டிலிருந்து அதே குரலை எடுத்து ஒரு தட்டு வெளியிட்டது. இம்முறை அவர் பெயரைத் தட்டின்மீதே அச்சிட்டார்கள். நிகழ்படத்திலும் அவர் தோன்றிப் பாடினார். அது அமெரிக்க வரிசையில் முதலிடம் பெற்றது. ஹாலவே 2011ஆம் ஆண்டில் காலமானார்.

பிளாக் பாக்ஸ் அதோடு விடவில்லை. அடுத்து வந்த பல பாட்டுகளை மார்த்தா வாஷ் என்னும் அமெரிக்கப் பாடகியைக் கொண்டு பாடச் செய்து, அவற்றுக்கும் அதே அழகியை வாயசைக்க வைத்தது. அமெரிக்கக் குழு ஒன்றும் இதே மார்த்தா வாஷின் குரலுக்கு வேறொரு மெல்லிய பெண்ணை முகமாக வைத்தது. 1991 பிப்ரவரியில் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. மார்த்தா வாஷ் பருத்த உடல் உடையவர். வேறு குறை ஒன்றும் அவரிடம் இல்லை. அவர் வழக்குத் தொடுத்தார். உடன்பாட்டில் தமக்குரியதைப் பெற்றார். ஜெர்மனியில் ஃபிராங்க் ஃபாரியன் என்பவர் உருவாக்கிய மில்லி வனில்லி என்னும் இருவர் தங்கள் தட்டில் பாடவே இல்லை என்று 1990 நவம்பரில் வெளிப்பட்டபோது, அவர்களுக்கு அளித்திருந்த கிராமி பரிசையே திரும்பப் பெற்றுவிட்டார்கள். உலகம் சிரித்தது. அந்த இருவரை நோக்கிச் சிரித்தது. இந்த ஏற்பாட்டைச் செய்தவரை நோக்கி அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

இங்கேதான் ஃபெல்லியைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். உண்மை தெரிந்த நாளில் எனக்கு அவர்மீது சினம் வந்தது, ஏமாற்றிவிட்டாரே என்று. இப்போது அந்தச் சினம் இல்லை. நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பதும் அசையச் சொன்னபடி அசைவதும் அவருடைய தொழில். சம்பளத்துக்குச் செய்த வேலை. இயற்றியவர் ஓர் ஆங்கிலேயரின் பெயருக்குப் பின்னால் மறைந்திருக்க, முன்னால் நிறுத்தப்பட்ட இரண்டு காங்கோப் பெண்களில் ஒருத்திக்குப் புகழும் மற்றொருத்திக்கு மௌனமும் பங்கிட்டுக் கொடுத்தவர்கள் வேறு யாரோ.

நம் நாட்டுத் திரைப்படங்களில் இல்லாததா இது என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நடிகை வாயசைக்கிறார்; பின்னணிப் பாடகி பாடுகிறார். ஆனால் நம் பட்டி தொட்டிகளிலும் பாடியவர் யார் என்பது தெரியும். இந்த நிலை ஒரே நாளில் ஏற்படவில்லை. 1949ஆம் ஆண்டில் 'மஹல்' என்னும் இந்திப் படம் வந்தது. அதில் ஒரு பாட்டு நாடெங்கும் பரவியது. இசைத்தட்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்று அச்சாகியிருந்தது. காமினி என்பது கதையில் வரும் பாத்திரத்தின் பெயர்! தட்டை ஒலிபரப்பிய வானொலிக்கு, பாடியவர் யார் என்று கேட்டு நேயர்கள் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். அதன் பின்னரே லதா மங்கேஷ்கர் என்னும் பெயர் அறிவிக்கப்பட்டது. நேயர்கள் அஞ்சலட்டை வாங்கி எழுதினார்கள். நான் என்ன செய்தேன்? படத்தைப் பார்த்துக் கட்டுரை எழுதினேன்.

யா கிட் கேக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதல் தட்டின் வெற்றிக்குப் பின் உண்மை நெடுநாள் மறைந்திருக்கவில்லை. டெக்னோட்ரானிக் குழுவின் அடுத்த தட்டு 'கெட் அப்'. அதில் டெக்னோட்ரானிக்குடன் யா கிட் கே என்று வெளிப்படையாகவே அச்சிட்டார்கள். நிகழ்படத்திலும் அவரே தோன்றினார். தொளதொளவென்ற உடையும் தொப்பியும் அணிந்து, ஒரு பையனைப் போலத் துள்ளித் துள்ளிப் பாடும் அந்தப் பெண்ணைப் பார்த்தவர்கள், இவரை மறைத்து வைத்ததன் காரணம் என்ன என்று வியந்திருப்பார்கள். அந்தத் தட்டு 1990இல் பிரிட்டனில் மீண்டும் இரண்டாம் இடம் பெற்றது. அமெரிக்காவில் ஏழாம் இடம். முகத்தைக் காட்டியதனால் தட்டு விற்காமல் போய்விடவில்லை. அதே ஆண்டில் மடோனாவின் உலகச் சுற்றுப்பயணத்தில், அவர் மேடைக்கு வருமுன் நடக்கும் முன்நிகழ்ச்சியை இக்குழு நடத்தியது. 1992இல் 'மூவ் திஸ்' என்னும் பாட்டு, ஓர் ஒப்பனைப் பொருள் விளம்பரத்தில் ஒலித்ததன் பயனாக அமெரிக்காவில் ஆறாம் இடம் வரையில் சென்றது. அதிலும் குரல் யா கிட் கேயுடையது, பெயரும் அவருடையதே. அழகுப் பொருள் விற்பதற்கு அந்தக் குரலையே தேடி வந்தார்கள் என்பது எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

ஆயினும் முதல் தட்டு முதல் தட்டுதான். பழைய பிரதிகள் இன்றும் பழைய இசைத்தட்டுக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் அட்டையில் ஃபெல்லி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அமெரிக்க வரிசையின் பழைய ஏடுகளிலும் அவர் பெயரே நிற்கிறது. உங்களில் எவருக்கேனும் அந்தத் தட்டு கைக்குக் கிடைத்தால், அட்டையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, தட்டின் நடுவில் உள்ள வட்டத் தாளைப் பாருங்கள். வேண்டுமானால் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அபினி உண்ட ஆங்கிலேயரின் பெயருக்கு அருகில் இருக்கிறது, கமோசி என்று.

எங்கள் கையெழுத்துப் பத்திரிகையின் அந்த இதழை நான் தேடாத இடமில்லை. ஆசிரியராக இருந்த நண்பர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார்; அவரிடமும் இல்லை. கிடைத்தால் தலைப்பை மட்டும் அடித்துத் திருத்தி, அதே தேநீர்க் கறையோடு மறுபடியும் சுற்றுக்கு விட்டிருப்பேன்.